தாய்க்கச்சு

வேதவல்லிக்கு ஐந்து மாதம் முடிவதற்குள்ளேயே இடுப்பு கழன்றுவிடும்போல் ஆகிவிட்டது. ஒரகடம் பக்கத்தில், காருக்குள் பதிக்கிற சின்னச் சின்னத் திரைகள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை. நின்றுகொண்டே செய்யும் வேலை. மேசை தாழ்வாக இருக்கும். கொஞ்சம் குனிந்து நின்றால்தான் கை ஓடும். வயிறு வளர வளர உடம்பு தன்னால் பின்னுக்குச் சாயப் பார்த்தது. மேசை அவளை முன்னுக்கு இழுத்தது. இந்த இழுபறியில் ஷிப்ட் முடிவதற்குள் முதுகின் அடிப்பக்கம் காய்ச்சிய கம்பியை வைத்ததுபோல் எரியும்.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. கல்யாணமாகிப் பல வருடம் ஏங்கிக் காத்திருந்து வந்த பிள்ளை. முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது தெருச் சுவர்களைப் பிடித்துப் பிடித்து நடப்பாள். அதைக் கண்டுபிடித்தவள் செங்கமலம், கணவன் தணிகைவேலின் அக்கா. கல்யாணமே செய்துகொள்ளாமல் தம்பியோடேயே தங்கிவிட்டவள்.

"என்னா வேதா, நடையே ஒரு தினுசா இருக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. லேசா இடுப்பு வலி."

"லேசா வலிச்சா செவுத்தையா புடிச்சிக்கினு வருவாங்க? உங்க கம்பெனியிலயே டாக்டர் ரூம் இருக்குல்ல. நாளைக்குப் போய்க் காட்டு. இல்லன்னா நானே வந்து காட்டுவேன்."

அப்படித்தான் வேதா ஜோசஃபினிடம் போய்ச் சேர்ந்தாள். ஜோசஃபின் கம்பெனி மருத்துவ அறையில் பிசியோதெரபிஸ்ட். நாற்பது வயதிருக்கும். யாரிடமும் அதட்டிப் பேசமாட்டார். வேதாவைச் சுவரோரம் நிற்க வைத்து, முதுகெலும்பின் மேல் விரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்.

"வயித்துல கனம் ஏற ஏற உடம்போட பாரம் முன்னாடி நகரும்மா. குப்புற விழாம இருக்கணும்னா முதுகு பின்னாடி வளையணும். பொம்பளைங்க முதுகெலும்பு அதுக்குன்னே அமைஞ்சிருக்கு, ஆம்பளைங்களுக்கு அந்த அமைப்பு கிடையாது. ஆனா நீ செய்யறது குனிஞ்சு செய்யற வேலை. வளையணும்னு நிக்கிற முதுகை வளைய விடாம புடிச்சு வெச்சிருக்க. வலிக்காம என்ன பண்ணும்?"

"வேலையை விடச் சொல்றீங்களா மேடம்?"

"அதெல்லாம் இல்ல. இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்கு."

அலமாரியிலிருந்து அவர் எடுத்து வந்தது சாம்பல் நிறத்தில் ஒரு கச்சு. விலாவுக்குக் கீழே தொடங்கி, இடுப்பைச் சுற்றி, தொடையின் மேல்பாகம் வரை வந்தது. உள்ளே மெல்லிய பட்டைகள் மீன் செதிலைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. தாய்க்கச்சு என்று பெயர். ஜோசஃபின் அதைப் பூட்டிவிட்டுப் பக்கவாட்டில் இருந்த பொத்தானை அழுத்தினார். கச்சு ஒன்றும் செய்யாமல் கிடந்தது.

"என்ன மேடம், வேலை செய்யலையா?"

"தேடுது. உள்ள பிள்ளையோட நெஞ்சுத் துடிப்பு எங்க இருக்குன்னு தேடும். அது கேட்டாத்தான் இதுக்கு உசுரு வரும். பிள்ளை இந்தப் பக்கம் திரும்பினா இது ஒரு மாதிரி இறுகும், அந்தப் பக்கம் புரண்டா வேற மாதிரி. வயித்துக் கனம் மொத்தத்தையும் முதுகு மேல விழவிடாம எடுத்துக் காலுக்கு இறக்கிடும்."

சொல்லி முடிப்பதற்குள் வயிற்றோரத்தில் சின்னப் பச்சை விளக்கு ஒன்று படபடவென்று துடிக்கத் தொடங்கியது. உள்ளே இருக்கும் பிள்ளையின் துடிப்பு அது. கச்சு மெல்ல இறுகியது. வலி போய்விட்டது. குறைந்ததுகூட இல்லை, அப்படியே போய்விட்டது. கழுத்தளவு தண்ணீரில் நிற்பதுபோல் உடம்பு லேசானது. வேதா பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எல்லாரும் இப்படித்தான் அழறாங்க" என்று ஜோசஃபின் சிரித்தார். அவருக்கும் சந்தோஷம்தான்.

குளிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கச்சு வேதாவின் உடம்பிலேயே இருந்தது. கம்பெனியில் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் எல்லோருக்கும் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களைப் பார்க்கிற பார்வையே மாறியது. முன்பு ஏழாம் மாதத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றுவார்கள், அது நின்றுபோனது. பிரசவத்துக்கு முன் கொடுக்கும் விடுப்பும் நின்றது. சூப்பர்வைசர் நல்லவர்தான். ஆனாலும், "கச்சு போட்டிருக்கியேம்மா, அப்புறம் என்ன கஷ்டம்?" என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார். வேதாவும் அதையே தன்னைக் கேட்டுக்கொண்டாள். வலி இல்லைதானே.

வெளியிலும் அப்படித்தான். கச்சு துணிக்கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் பரவியபின், டவுன் பஸ்ஸில் வயிறு தள்ளி நிற்கும் பெண்ணைப் பார்த்து யாரும் எழுந்து இடம் கொடுப்பதில்லை. வளைகாப்பு அன்று சொந்தக்காரப் பெண்கள் வேதாவின் கச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். "எங்க காலத்துல இது இல்லாம போச்சே" என்றாள் ஒருத்தி. பந்தி முடிந்ததும் மீதி அரிசி மூட்டையை உள்ளே எடுத்து வைக்கும்படி வேதாவிடமே சொன்னார்கள். அவளும் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். செங்கமலத்துக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"வளையல் போட்டு உக்கார வெச்ச பொண்ணை மூட்டை தூக்கச் சொல்றதா?" என்று முணுமுணுத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலை அண்ணி."

"உனக்குத் தெரியலை. உடம்புக்குத் தெரியாதா?"

வலி எடுக்கும் நாளுக்கு முந்தைய நாள்வரை வேதா லைனில் நின்றாள். பிரசவ அறையில் செவிலி கச்சைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள். பெண் குழந்தை. நிறைமதி என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளை பெற்றவள் படுத்தே கிடப்பது வழக்கம் என்பதால் முதல் சில வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து நடக்கும்போது உடம்பு நிலையில்லாமல் ஆடியது. பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். செங்கமலம் குழந்தையைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து மடியில் கொடுப்பாள். வேதா படுத்தபடியே பால் கொடுப்பாள்.

ஒரு மத்தியானம் செங்கமலம் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தூளியில் குழந்தை சிணுங்கியது. வேதா ஆசையாக எழுந்துபோய் இரண்டு கையாலும் அதை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு திரும்பினாள். திரும்பிய இடத்திலேயே உடம்பு இடுப்பில் இரண்டாக மடங்கியது. வலி எதுவும் இல்லை. மேல்பாதியைப் பிடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று கையை விட்டதுபோல் இருந்தது. விழுகிறோம் என்று தெரிந்ததும் முழங்கையை முதலில் தரையில் மோதவிட்டு, குழந்தையைப் பாயின் மேல் சறுக்கிவிட்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. வீரிட்டு அழுதது. அதன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிக் குப்புறக் கிடந்த வேதாவால் எழவும் முடியவில்லை, அதைத் தொடவும் முடியவில்லை. செங்கமலம் ஈரக்கையோடு ஓடிவந்து முதலில் குழந்தையைத் தூக்கினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். தணிகைவேல் கம்பெனிக்குப் போய் ஜோசஃபினைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தான். அவன் மினி லாரி ஓட்டுகிறவன். அன்று லோடை இறக்காமலே போட்டுவிட்டு வந்திருந்தான். ஜோசஃபின் வேதாவைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்திப் பார்த்தார்.

"சொல்லுங்க மேடம்" என்றான் தணிகைவேல்.

"பிள்ளை உண்டானா உடம்புல மூட்டெல்லாம் இளகும். பிரசவத்துக்காக. அந்த இளகின நேரத்துல முதுகு ஒரு புது வளைவைக் கத்துக்கும். முதுகெலும்பை ஒட்டினாப்ல உள்ள இருக்கிற சின்னத் தசைங்க, முன்னாடி இருக்கிற பாரத்தை இழுத்துப் புடிக்கப் பழகும். அந்தப் பழக்கத்தை வெச்சுத்தான் பொறந்த பிள்ளையைத் தாய் கையில தூக்கிட்டு நடக்கிறா. வயித்துக்குள்ள இருந்த கனம் வெளிய வந்து நெஞ்சு மேல இருக்கு, அவ்வளவுதான்."

"சரி."

"வேதா முதுகு அதைக் கத்துக்கவே இல்லை. கச்சே எல்லாத்தையும் செஞ்சிடுச்சு. அந்தத் தசைங்களுக்கு மாசக்கணக்கா வேலையே இல்லை, கரைஞ்சு போச்சு. பிரசவத்துக்கு அப்புறம் மூட்டுங்க மறுபடி இறுகும்போது முதுகு வளைவே இல்லாம இறுகிடுச்சு. இப்ப முன்னாடி கொஞ்சம் பாரம் வந்தாலும் அதுக்குத் தாங்கத் தெரியலை."

"எல்லாருக்குமா இப்படி ஆகுது?"

"இல்லை. நிறைய பேர் நல்லா இருக்காங்க. இது தினம் கொஞ்ச நேரம் போட்டுக்கிறதுக்குன்னு செஞ்ச சாமான். நாள் பூரா போட்டு, அதை வெச்சே வேலையும் செஞ்சவங்கள்ல சில பேருக்கு…"

வேதா தலையைத் திருப்பினாள். "மறுபடி கத்துக்காதா மேடம்?"

"பயிற்சி தரேன். பார்க்கலாம்."

பார்த்தார்கள். ஜோசஃபின் வாரம் தவறாமல் வீட்டுக்கே வந்தார். வேதா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதையெல்லாம் செய்தாள். நாலுகால் வாக்கரை இரண்டு கையாலும் பிடித்தால் நிற்க முடிந்தது, வீட்டுக்குள் நடக்க முடிந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள முடிந்தது. அதற்கு மேல் ஒரு இம்மி நகரவில்லை. நிற்கலாம், அல்லது பிள்ளையைப் பிடிக்கலாம். இரண்டும் சேர்ந்து முடியாது.

குழந்தைக்கு இதெல்லாம் தெரியுமா. தூக்கிக்கொண்டு உலாத்தினால்தான் அதற்கு அழுகை நிற்கும். சுவரோரம் உட்கார்ந்திருந்த வேதாவின் மடியில் போட்டால் உடம்பை வில்லாக முறுக்கிக்கொண்டு கத்தும். செங்கமலம் வாங்கித் தோளில் போட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தால் அடங்கிவிடும். செங்கமலம் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. அழுகை நின்றதும் உடனே கொண்டுவந்து வேதாவிடமே கொடுப்பாள். குழந்தை மறுபடி கத்தும்.

பேச்சு வந்தபோது நிறைமதி முதலில் சொன்னது "ம்மா." செங்கமலத்தைப் பார்த்துச் சொன்னது. செங்கமலம் துடித்துப்போனாள்.

"அத்தைடி. அத்தை சொல்லு. அம்மா அங்க இருக்கா பாரு."

குழந்தை அங்கே பார்த்தது. பிறகு இரண்டு கையையும் செங்கமலத்தை நோக்கியே நீட்டியது.

வேதா அதிகம் பேசாமல் போய்ச் சில காலம் ஆகியிருந்தது.

அவளைப்போல் மடங்கிப்போனவர்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒருநாள் அவர்களில் மூன்று பேர் வேதாவோடு சேர்ந்து, தணிகைவேலின் வண்டியில் ஏறிக் கம்பெனி வாசலுக்குப் போனார்கள். கச்சால்தான் இப்படி ஆனது என்று கம்பெனி எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், இனிமேல் வருகிறவர்களுக்காவது நேரத்தைக் குறைக்க வேண்டும், இவ்வளவுதான் கேட்டது. அதிகாரி ஒருவர் வெளியே வந்து, கச்சுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஷிப்ட் விட்டது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவர்களில் கார்குழலி இருந்தாள். லைனில் வேதாவுக்கு அடுத்து நின்ற பெண். இப்போது அவளுக்கும் வயிறு. புடவைக்கு மேலே கச்சின் விளிம்பு தெரிந்தது.

வேதாவின் வாக்கரைப் பார்த்ததும் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"குழலி, அதைக் கொஞ்ச நேரமாவது கழட்டி வையி" என்றாள் வேதா. "சும்மா இருக்கும்போதாவது."

"கழட்டினா நிக்க முடியலக்கா."

"அதுக்காகத்தான் சொல்றேன்."

கார்குழலி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். "அக்கா, கோவிச்சுக்காத. நீங்க இப்படி வந்து நின்னு, கச்சே வேணாம்னு இவங்க நிறுத்திட்டா, மாசமா இருக்கிறவளை வேலைக்கே வெச்சுக்க மாட்டாங்க. முன்ன மாதிரி உக்கார்ற வேலையும் லீவும் இனிமே குடுப்பாங்களா? இது இருக்கிறதாலதான் எங்களை வெச்சிருக்காங்க. எல்லாரும் இதைத்தான் பேசிக்கிறாங்க. யாரும் உங்களுக்காகச் சொல்ல மாட்டாங்கக்கா."

கம்பெனி பஸ் வந்தது. கார்குழலி படியில் விறுவிறுவென்று ஏறிப் போனாள். அப்படி ஏறியதெல்லாம் வேதாவுக்கு நினைவு இருந்தது.

நிறைமதி தத்தித்தத்தி நடக்கத் தொடங்கியிருந்த சமயம், ஜோசஃபின் ஒரு பிற்பகலில் கைப்பையோடு இன்னொரு பெரிய பையும் தூக்கிக்கொண்டு வந்தார். கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்திருந்தார். தாய்க்கச்சை இப்போது அரசாங்கமே கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்கியிருந்தது. கம்பெனியில் இருந்தால் கச்சு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று விலகி வந்தவருக்கு, இங்கேயும் அதையே பூட்டிவிடும் வேலை.

பையைத் திறந்து ஒரு கச்சை வெளியே எடுத்தார்.

"உனக்கு ஒண்ணு கொடுங்கன்னு எழுதிக் கேட்டேன் வேதா. கர்ப்பிணிகளுக்கு மட்டும்தான்னுட்டாங்க. உன்ன மாதிரி ஒருத்திக்குக் கொடுத்தா, இதால பாதிப்பு இருக்குன்னு ஒத்துக்கிட்டதா ஆயிடுமாம். நானாவே எடுத்துட்டு வந்தேன். சாயங்காலத்துக்குள்ள திருப்பி வெச்சிடணும். ஓடுதான்னு பார்ப்போம்."

வேதாவை வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துக் கச்சைப் பூட்டினார். பொத்தானை அழுத்தினார். செங்கமலத்தோடு சேர்த்து மூன்று பேரும் அந்தச் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எரியவில்லை.

"தேடுது" என்றாள் வேதா மெதுவாக.

"ஆமா. துடிப்பு கேட்டாத்தான்…"

"அது அப்பறம் எப்படி மேடம் ஓடும்?"

ஜோசஃபின் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தினார். செங்கமலம் சுவரோரம் நின்றிருந்தவள், இடுப்பில் இருந்த நிறைமதியைப் பார்த்தாள். பிறகு, "பாப்பா நெஞ்சு அடிக்கிறதைக் கேட்டா ஓடாதா?" என்றாள்.

முட்டாள்தனம் என்று யாரும் சொல்லவில்லை. செங்கமலம் குழந்தையின் சட்டையைக் கழற்றி, அதன் நெஞ்சை வேதாவின் வயிற்றோடு வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். குழந்தை என்னவோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. வேதா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளக்கு ஒருமுறை பச்சையாக மினுக்கியது. கச்சு லேசாக, மிக லேசாக, இறுகியது. வேதாவின் ஒரு கை வாக்கரை விட்டுக் குழந்தையின் முதுகுக்குப் போனது. விளக்கு அணைந்துவிட்டது. ஜோசஃபின் சட்டென்று அவள் தோளைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் விழுந்திருப்பாள்.

"வளந்த பிள்ளையோட துடிப்பு மெதுவா இருக்கும்" என்றார் ஜோசஃபின், பிறருக்குச் சொல்வதைவிடத் தனக்கே சொல்வதுபோல். "உள்ள இருக்கிறது வேகமா அடிக்கும். இதுக்கு வித்தியாசம் தெரியுது. உள்ள ஒண்ணு இருந்தாத்தான் ஓடும்."

கச்சைக் கழற்றிப் பையில் வைத்தார். அதற்குப்பின் அவருக்கு அந்த வீட்டுக்கு வர முகமில்லாமல் போயிற்று.

அன்றிலிருந்து வேதா கொஞ்சம் மாறினாள். தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள். தணிகைவேல் லோடு இறக்கிவிட்டு வரும் வரைக்கும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ மாதமாகச் சுவரோடு பேசுவதுபோல் அவளோடு பேசிக்கொண்டிருந்தவனுக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. பாப்பாவுக்கு ஒரு துணை வேண்டும் என்று அவள் சொன்னபோது, "உன் உடம்பு தாங்குமா வேதா?" என்று மட்டும் கேட்டான்.

"பிள்ளை பெத்ததால எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றாள் அவள். அது பொய்யும் இல்லை.

சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதோறும் கர்ப்பிணிகள் வருவார்கள். ஜோசஃபின் பெஞ்சில் இருந்த பெண்களுக்கு ஒவ்வொருவராகக் கச்சு பூட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். வாசலில் வாக்கர் தரையில் தட்டும் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். வேதா மெல்ல மெல்ல நடந்து உள்ளே வந்தாள். புடவைக்குள் வயிறு மேடிட்டிருந்தது. பின்னால் செங்கமலம், இடுப்பில் நிறைமதி.

ஜோசஃபினுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மற்றப் பெண்களை வெளியே இருக்கச் சொன்னார்.

"வேதா. நான் அன்னிக்கு அதை எடுத்துட்டு வந்திருக்கவே கூடாது."

"நீங்க வரலன்னாலும் எனக்கு ஒருநாள் தோணியிருக்கும் மேடம்."

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா, எதுக்குன்னு?"

"அவரு சந்தோஷமா இருக்காரு. இருக்கட்டும்."

"இந்தத் தடவை கழட்டினப்புறம் வாக்கரைப் புடிச்சுக்கூட நிக்க முடியாது. உக்காரவே முடியாம போனாலும் போகும். உனக்குத் தெரியுதா நான் சொல்றது?"

"தெரியுது."

"சரி, அந்தப் பொறக்கப்போற பிள்ளை? அதை யார் தூக்குவா?"

வேதா வாக்கரின் பிடியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைத்தான் தெனம் நெனைக்கிறேன்" என்றாள் கடைசியில். "அது கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலை. உனக்காக இல்லடா, உங்க அக்காவைத் தூக்கத்தான் உன்னை வயித்துல வெச்சேன்னு சொல்ல முடியுமா? சொல்லலைன்னாலும் அது அதுதான். நான் நல்லவள்னு சொல்லிக்கலை மேடம். அதைப் போட்டு விடுங்க."

செங்கமலம் இதையெல்லாம் இப்போதுதான் கேட்கிறாள். ஒரு பிள்ளையைத் தூக்க இன்னொரு பிள்ளையா என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். இடுப்பில் இருந்த நிறைமதியின் கை அவள் தாலியில்லாத கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை.

கர்ப்பிணி ஒருத்தி கேட்டு வந்தால் இல்லை என்று சொல்ல ஜோசஃபினுக்கு அதிகாரம் இல்லை. அவர் அலமாரியைத் திறந்தார். இப்போது வருவது புது மாதிரி. தோள் வரைக்கும் பட்டை உண்டு. பூட்டி முடித்துப் பொத்தானை அழுத்தியதும், அதிக நேரம் தேடவே இல்லை. பச்சை விளக்கு படபடவென்று துடித்தது. வேதா வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றொரு கையை எடுத்தாள். நேராக நின்றாள்.

ஜோசஃபின் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலில் நின்று வேதா கையை நீட்டினாள். நிறைமதிக்கு அந்தக் கைகளைப் புரியவில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்தது. "போ, அம்மாகிட்ட போ" என்று செங்கமலம் அதை மாற்றிக் கொடுத்தாள். வேதா வாங்கி இடது இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தை அழும் என்று இருவருமே எதிர்பார்த்தார்கள். அழவில்லை. இத்தனை உயரத்தில் அம்மாவின் முகம் இருப்பது அதற்குப் புதுசாக இருந்திருக்க வேண்டும். அவள் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தது.

வேதா நடந்தாள். தெருமுனை வரை போனாள். அங்கிருந்து ஏரிக்கரை மேட்டில் ஏறினாள். வேதா விழுந்துவிடுவாளோ என்று செங்கமலம் பின்னாலேயே வந்தாள். ஏரியில் கொக்குகள் இருந்தன. "கொக்கு பாரு, கொக்கு" என்று வேதா காட்டினாள். குழந்தை அவள் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு பார்த்தது. இப்படி ஒரு சாயங்காலத்துக்காகத்தான் அவள் அத்தனையும் செய்தது.

கொஞ்ச தூரம் போனபிறகு வேதா நின்றாள். இடுப்பைக் குனிந்து பார்த்தாள். குழந்தை இருந்தது. காலை ஆட்டிக்கொண்டு இருந்தது. வலது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள். கச்சு மெல்ல முனகிவிட்டு அந்தப் பக்கம் இறுகியது. இரண்டு கையாலும் சேர்த்து நெஞ்சின்மேல் தூக்கிப் பார்த்தாள். தோள்பட்டையில் ஏதோ நகர்ந்து அதையும் வாங்கிக்கொண்டது. காற்றைத் தூக்கி வைத்திருப்பதுபோல் இருந்தது. குழந்தையின் சூடு தெரிந்தது. மூச்சு கழுத்தில் பட்டது. கனம் மட்டும் எங்கேயும் தெரியவில்லை.

"என்னா, முடியலையா?" என்று செங்கமலம் கிட்டே வந்தாள். "குடு, நான் வாங்கிக்கிறேன்."

"இல்ல அண்ணி." வேதா குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "அண்ணி, இவ கனமா இருக்காளா?"

"கனமா இருக்காளாவா? என் இடுப்பைக் கேட்டுப் பாரு. ஏன், உனக்குத் தெரியலையா?"

வேதா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ கனம்னு சொல்லுங்களேன்."

செங்கமலம் அவள் முகத்தைப் பார்த்தாள். கச்சைப் பார்த்தாள். கேட்டது ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உடனே சொல்லிவிடாமல், தன் இடுப்பில் ஒருமுறை கையை வைத்துப் பார்த்து யோசித்தாள்.

"ஒரு கொடம் தண்ணி இருக்கும்" என்றாள்.

"ரொம்பினதா?"

"ரொம்பினதுதான். ஒக்காந்து எழுந்திரிக்கும்போது தளும்பும் பாரு, அந்த மாதிரி."

வேதா தலையாட்டினாள். குழந்தையை இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டு, கரையோடு மேலே நடந்தாள்.